விதி ஏன் மீறப்படுகிறது? நடத்தை அறிவியலை வைத்துச் சட்டத்தைப் பலனுள்ளதாக்குவது எப்படி

கேள்வி இதுதான்: சட்டம் இருக்கிறது, அபராதமும் இருக்கிறது, ஆனாலும் கணிசமானவர்கள் பின்பற்றுவதில்லை. மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுத்து நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் நடத்தை அறிவியலால் இதை மாற்ற முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். பலர் நினைப்பதுபோல, சட்டம் வந்த பிறகு வைக்கும் விழிப்புணர்வுப் பலகையில் இந்த வேலை இல்லை. யார், எந்தத் தேதிக்குள், எந்தப் படிவத்தை, யாரிடம் தர வேண்டும், ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், தவறினால் எத்தனை நாளில் பிடிபடும் என்று விதியை எழுதுகிற மேசையிலேயே இது நடந்தாக வேண்டும். அச்சாகிவிட்ட சட்டத்துக்குப் பின்னால் ஒட்டுப்போடுவது அதிகச் செலவு, குறைந்த பலன்.

முதல் வேலை, மீறலை வகைபிரிப்பது. விதி தன்னையும் கட்டுப்படுத்துகிறது என்பதே சிலருக்குத் தெரியாது. சிலருக்குத் தெரியும், ஆனால் பணமோ ஆவணமோ நேரமோ இல்லாததால் செய்ய முடியவில்லை. சிலர் செய்யத்தான் நினைத்தார்கள், மறந்துவிட்டார்கள் அல்லது பாதியில் விட்டுவிட்டார்கள். சிலருக்குச் செய்ய விருப்பமே இல்லை. 2011-இல் சூசன் மிச்சியும் சகாக்களும் வெளியிட்ட மாதிரி இதையே திறன், வாய்ப்பு, உந்துதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. எந்தப் பிரிவைப் பயன்படுத்தினாலும் சரி, அபராதத்தை உயர்த்துவது கடைசி வகையினரை மட்டுமே தொடும். மற்ற மூன்று வகையினருக்கும் அது வெறும் தண்டனை. அவர்கள் நடத்தையை அது மாற்றாது.

எந்த வகை அதிகம் என்பதை ஊகிக்கக் கூடாது. கடந்த 12 மாத மீறல் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தால் விருப்பமின்மையோ லாபமோ காரணம். பெரும்பாலானவர்கள் ஒரே ஒருமுறை, அதுவும் கெடு முடிந்து சில நாளில் தாமதமாகச் செய்திருந்தால் மறதி. ஒரே ஒரு கிளை அலுவலகத்தில் மட்டும் மீறல் குவிந்திருந்தால் அங்குள்ள நடைமுறையில்தான் கோளாறு. இணையப் படிவமாக இருந்தால், தொடங்கிய 100 பேரில் எத்தனை பேர் எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள் என்ற கணக்கு சர்வரிலேயே கிடைக்கும். பிறகு விதியை எழுதியவரே அந்தப் படிவத்தை யாருடைய உதவியும் இல்லாமல், கைபேசியில், முழுவதுமாக நிரப்பிப் பார்க்க வேண்டும். அடுத்து, மீறியவர்களில் 15, 20 பேரிடம் பேச வேண்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் சாக்குதான் வரும். ‘கடைசியாக முயன்றபோது முதலில் என்ன செய்தீர்கள், அதற்கப்புறம் என்ன நடந்தது?’ என்று வரிசையாகக் கேட்டால் தடை எங்கே என்று தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தைச் செய்யாமலே தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். மீறுகிறவர் எல்லாம் தெரிந்தே மீறுகிறார் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. நியூயார்க் நகரம் இதற்கு நல்ல சான்று. சிறு குற்றங்களுக்குச் சம்மன் பெற்றவர்களில் சுமார் 40% பேர் குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வரவில்லை, வராவிட்டால் பிடிவாரண்ட். சம்மன் தாளைப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மேலே ‘புகார்/தகவல்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு. அது என்ன தாள் என்பதே அதிலிருந்து விளங்காது. வர வேண்டிய தேதியும் இடமும் தாளின் அடிப்பகுதியில். வராவிட்டால் வாரண்ட் என்ற எச்சரிக்கை பின்பக்கத்தில். புதிய தாளில், இது நீதிமன்றத்தில் ஆஜராவதற்கான சீட்டு என்று தலைப்பே சொன்னது. தேதியும் இடமும் மேலே வந்தன. எச்சரிக்கை முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் வந்தது. இதனால் மட்டும் வராதவர்கள் எண்ணிக்கை 13% குறைந்தது. கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதில் 21% குறைந்தது. 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி மூன்று ஆண்டுகளில் சுமார் 30,000 வாரண்டுகள் தவிர்ந்தன. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நோட்டீஸ் எழுதுவதை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். உரிமம் புதுப்பிக்கச் சொல்லும் நோட்டீஸ் வழக்கமாக இப்படி இருக்கும்: ‘பிரிவு 14, உட்பிரிவு 2-இன் கீழ் வழங்கப்பட்ட உரிமத்தைப் பெற்றுள்ளோர், அதன் காலாவதி நாளுக்கு முப்பது தினங்களுக்குக் குறையாமல் முன்னதாக, உரிய இணைப்புகளுடன் விண்ணப்பிக்கத் தவறும் பட்சத்தில் உரிய நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்.’ படிக்கிறவர் இதில் நான்கு கணக்குகளைத் தானே போட வேண்டும்: நான் அந்த உரிமக்காரனா, என் காலாவதி நாள் எது, அதிலிருந்து முப்பது நாள் பின்னால் எண்ணினால் என்ன தேதி, உரிய இணைப்பு என்றால் என்னென்ன. ஒவ்வொரு கணக்கிலும் கொஞ்சம் பேர் உதிர்ந்துபோவார்கள். அதையே இப்படி எழுதலாம்: ‘உங்கள் உரிமம் மார்ச் 31 அன்று முடிகிறது. மார்ச் 1, மாலை 5 மணிக்குள் புதுப்பிக்க வேண்டும். தேவையானவை இரண்டே: பழைய உரிம எண், கட்டண ரசீது. மார்ச் 2 முதல் தாமதக் கட்டணம் சேரும்.’ அதன் கீழே படிவத்துக்கு நேராகப் போகும் இணைப்பு. பெயர், முகவரி, உரிம எண் ஆகியவை அலுவலகத்திடம் ஏற்கெனவே இருப்பதால் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்க வேண்டும். பிரிவு எண் நோட்டீஸில் இருந்தே ஆக வேண்டும். அதன் இடம் கடைசி வரி. இணைப்பு படிவத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் அலுவலக இணையதளத்தின் முதல் பக்கத்துக்குப் போனால், இத்தனை உழைப்பும் அங்கேயே வீணாகும். நடைமுறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு அது.

அடுத்து அபராதம். தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் மீறலைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் முடிவு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்யத் தொடங்கியது. குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு ‘நான் நிதானமாகத்தான் ஓட்டுவேன், மாட்ட மாட்டேன்’ என்ற நம்பிக்கை இருந்தது. எதிரே வரும் எல்லோரையும் சோதிக்கும்போது அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. சாலை மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. ஆகவே ஒரு விதிக்கு அபராதம் நிர்ணயிக்கும்போது தொகைக்கு முன்னால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: 100 மீறல்களில் எத்தனை கண்டுபிடிக்கப்படும், கண்டுபிடித்த நாளிலிருந்து விளைவு வந்து சேர எத்தனை நாள்? முதல் எண் 2 ஆகவும் இரண்டாவது 400 ஆகவும் இருந்தால், அபராதத்தைப் பத்து மடங்காக்கினாலும் பலன் கிடைப்பது கடினம். தொகை மிகக் கடுமையானால் அதிகாரிகளே அதைப் போடத் தயங்குவார்கள். பிடிபடும் நிச்சயம் அதனால் இன்னும் குறையும்.

சிறிய அபராதத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீசியும் ஆல்டோ ரஸ்டிகினியும் 20 வாரம் நடத்திய ஆய்வை 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெகல் என்று ஆறு காப்பகங்களில் அபராதம் வந்தது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. 17-ஆம் வாரம் அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ‘ஆசிரியரைக் காக்கவைக்கக் கூடாது’ என்ற கூச்சம் இருந்த இடத்தில் ‘காசு கொடுத்துவிட்டேன்’ என்ற நிம்மதி வந்துவிட்டது. இதிலிருந்து அபராதமே கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. கூச்சமோ பொறுப்புணர்வோ ஏற்கெனவே வேலை செய்யும் இடத்தில் சிறு தொகையை நுழைக்காதீர்கள். நுழைப்பதானால், அது கட்டணம் அல்ல, தவறுக்கான விளைவு என்று தெரியும்படி எழுத வேண்டும்: முதல்முறை பதிவு செய்யப்பட்ட எச்சரிக்கை, இரண்டாம் முறை தொகை, மூன்றாம் முறை உரிமம் தற்காலிக நிறுத்தம் என்று படி ஏற வேண்டும். எச்சரிக்கை ஒரு பதிவேட்டில் ஏறாவிட்டால் அடுத்த அதிகாரிக்கு அது இரண்டாம் முறை என்றே தெரியாது. படிக்கட்டு முறை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டீஃபால்ட், அதாவது ஒருவர் ஒன்றும் செய்யாமல் விட்டால் அவருக்கு எது பொருந்தும் என்ற ஏற்பாடு, சட்டம் எழுதுபவர் கையில் இருக்கும் மிக வலுவான கருவி. ஓர் அமெரிக்க நிறுவனத்தில் ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர ஊழியரே விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்தபோது 49% பேர் சேர்ந்தார்கள்; தானாகச் சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகலாம் என்று மாற்றியபோது 86% ஆனது. பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷேயும் 2001-இல் வெளியிட்ட இந்த ஆய்வில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பாதி இதுதான். மறுபாதி: தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் டீஃபால்ட்டாக வைத்த, சம்பளத்தில் 3% பங்களிப்பிலேயே தங்கிவிட்டார்கள். தாமாகச் சேர்ந்திருந்தால் அதிகம் சேமித்திருக்கக்கூடிய சிலரும் அங்கேயே நின்றார்கள். டீஃபால்ட் வைக்கிறவர் எண்ணையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். அந்த எண் தவறானால் தவறும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

பிரிட்டன் இந்தப் பாடத்தைச் சட்ட வாசகமாகவே எழுதியது. படிக்க வேண்டிய வடிவமைப்பு அது. ஊழியர்களை ஓய்வூதியச் சேமிப்பில் தானாகச் சேர்க்கும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஊழியரும் முதலாளியும் சேர்ந்து கட்டும் மொத்தப் பங்களிப்பு 2%-இல் தொடங்கி 2018-இல் 5%, 2019-இல் 8% என ஏறியது. தொடக்கத்தில் வலி தெரியாத தொகை. வெளியேற ஒரு மாத அவகாசம். வெளியேறியவர்களையும் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாடு. ஊழியரை வெளியேறும்படி முதலாளி தூண்டக் கூடாது என்ற தடை. இந்தக் கடைசி விதி இல்லையென்றால், தன் பங்கைக் கட்ட விரும்பாத முதலாளி வேலையில் சேரும் நாளிலேயே வெளியேறும் படிவத்தையும் நீட்டிவிடுவார். டீஃபால்ட்டைக் கெடுப்பதில் யாருக்கு லாபம் என்று கேட்டு, அந்தக் கதவை விதியிலேயே அடைக்க வேண்டும்.

டீஃபால்ட்டால் ஆகாத இடமும் இருக்கிறது. உறுப்பு தானத்தில் ‘மறுக்காதவர் எல்லோரும் சம்மதித்தவர்’ என்று சட்டம் எழுதினால் சம்மதப் பதிவு பல நாடுகளில் 90%-ஐத் தாண்டும். ஆனால் கொடையாளர் எண்ணிக்கை தானாக உயராது. ஸ்பெயினில் அப்படிப்பட்ட சட்டம் 1979-லேயே வந்தது. எண்ணிக்கை ஏறியது 1989-இல் தேசிய மாற்றுறுப்பு அமைப்பு உருவாகி, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் வந்த பிறகுதான். இறந்தவரின் குடும்பத்திடம் யார், எப்போது, எப்படிப் பேசுகிறார் என்பதே அங்கே தீர்மானமான கட்டம். காகிதத்தில் நடக்கும் செயலுக்கு டீஃபால்ட் போதும். மனிதர்கள் ஒன்றுகூடிச் செய்ய வேண்டிய செயலுக்கு ஆள், பயிற்சி, பணம் வேண்டும்.

‘தகவலைக் கட்டாயம் வெளியிட வேண்டும்’ என்ற விதிகளிடம் என் எதிர்பார்ப்பு குறைவு. எழுதுவது எளிது, எதிர்ப்பு குறைவு, அதனால் சட்டமியற்றுவோர் அதையே நாடுகிறார்கள். அமெரிக்காவின் 2009 கிரெடிட் கார்டு சட்டம் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தது: 36 மாதத்தில் கடனை முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பில்லில் அச்சிட வேண்டும், சில கட்டணங்களுக்கு உச்சவரம்பு. பில்லில் அச்சிட்டதால் அந்தத் தொகையைக் கட்டியவர்கள் அரை சதவீதப் புள்ளி அளவுக்கே கூடினார்கள். கட்டண உச்சவரம்போ, வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,190 கோடி டாலர் மிச்சப்படுத்தியது. பிரிட்டனின் குளிர்பான வரியும் இதே பாடம்தான். 100 மில்லியில் 5 கிராம் சர்க்கரையைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி என்று 2016-இல் அறிவித்து 2018 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் தயாரிப்பாளர்கள் பலர் 5 கிராமுக்குக் கீழே வரும்படி சேர்மானத்தையே மாற்றினார்கள். குடிப்பவர் எதையும் படிக்கவோ தீர்மானிக்கவோ தேவைப்படவில்லை. லட்சக்கணக்கானவர்களின் பழக்கத்தை மாற்றுவதா, சில நூறு நிறுவனங்களின் கணக்கை மாற்றுவதா என்ற தேர்வு இருக்கும்போது இரண்டாவதையே எடுங்கள்.

‘மற்றவர்கள் செய்கிறார்கள்’ என்று சொல்வது பலன் தரும், ஆனால் அது இருபக்கமும் வெட்டும். பிரிட்டனின் வரித்துறை 2011-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பிய நினைவூட்டல்களில், பத்தில் ஒன்பது பேர் நேரத்தில் கட்டிவிட்டார்கள், நீங்கள் இன்னும் கட்டாத மிகச் சிலரில் ஒருவர் என்று சொன்ன கடிதம் கட்டியவர் விகிதத்தைச் சுமார் 5 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவிலோ, பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள் என்று வருத்தத்தோடு எழுதிய பலகை இருந்த பாதையில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் கிட்டத்தட்ட 8% திருடுபோயின. எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்ட பலகையில் அது 2%-க்கும் கீழே. ‘ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் பேர் இந்த விதியை மீறுகிறார்கள்’ என்று அலுவலகமே விளம்பரம் செய்வது மீறலை வழக்கமாக்கிக் காட்டுகிறது. பின்பற்றுபவர்கள் உண்மையிலேயே பெரும்பான்மையாக இருந்தால் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். இல்லையென்றால் எது சரி என்பதை மட்டும் சொல்லுங்கள். எண்ணைத் திரிப்பது எக்காலத்திலும் கூடாது. அரசின் கடிதம் பொய் சொன்னது என்று ஒருமுறை தெரிந்தால் அடுத்த கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்பிக்கை வெறும் மரியாதைக்கான விஷயம் இல்லை. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, மரியாதையோடு நடத்தினார்களா என்ற மூன்றும், அதிகாரத்தின் முடிவை மனிதர்கள் ஏற்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று டாம் டைலரின் ஆய்வுகள் காட்டின. விதியில் இதை எழுதலாம்: அபராத உத்தரவில் காரணத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டும், பதில் தர 15 நாள் வேண்டும், வேறொரு அதிகாரி மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பில் நிறுவனம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை தேவை. உங்கள் தூண்டலை, அதாவது கட்டாயப்படுத்தாமல் நடத்தையை ஒரு பக்கம் சாய்க்கும் வடிவமைப்பை, முறியடிக்க அவர்களிடமும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். நம் இணைய நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் குக்கீ கோப்புகளுக்குச் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி வந்தவுடன், ஒரே கிளிக்கில் ஏற்கலாம், மறுக்கப் பல கிளிக் வேண்டும் என்ற திரைகள் வந்தன. மறுப்பது ஏற்பதைப்போல எளிதாக இல்லை என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ‘தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்’ என்று எழுதினால் வாதாடிக்கொண்டே இருக்கலாம். ‘மறுக்கும் பொத்தான் அதே திரையில், அதே அளவில், அதே எண்ணிக்கைக் கிளிக்கில் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். சந்தா ரத்து, புகார் பதிவு, பணம் திரும்பப் பெறுதல் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்.

இதையெல்லாம் செய்தால் எவ்வளவு மாறும்? ஸ்டெஃபானோ டெல்லாவிஞ்ஞாவும் எலிசபெத் லினோஸும் 2022-இல் வெளியிட்ட கணக்கை மனதில் வையுங்கள். ஆய்விதழ்களில் வந்த தூண்டல் சோதனைகளின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவின் இரண்டு பெரிய தூண்டல் அமைப்புகள் 2.3 கோடிப் பேரிடம் நடத்திய 126 சோதனைகளின் சராசரி 1.4. அதிகச் செலவில்லாத மாற்றத்துக்கு 1.4 நல்ல பலன்தான். ஆனால் அமைச்சரிடம் 8 என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். படிவத்தின் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்று 2012-இல் வந்த ஆய்வைப் பலர் நம்பினார்கள். 2020-இல் அதை மறுபடி செய்தபோது பலன் தெரியவில்லை, 2021-இல் தரவு முறைகேடு காரணமாக அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. இன்னோர் இடத்தில் வேலை செய்தது உங்கள் இடத்திலும் செய்யும் என்று எடுத்துக்கொள்ளாமல் சோதியுங்கள்.

சோதனை என்றால், நோட்டீஸ் பெறுபவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது அனுப்பி, அதே நாளில் எண்ணுவது. எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: இப்போது 60% பேர் பின்பற்றுகிறார்கள், 3 புள்ளி உயர்வைக் கண்டறிய வேண்டும் என்றால் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 4,300 பேர் தேவை. 10 புள்ளி உயர்வுக்கு 400 பேர் போதும். 500 பேரை வைத்துச் சோதித்துவிட்டு ‘பலன் இல்லை’ என்று அறிக்கை எழுதுவது அடிக்கடி நடக்கிறது; அந்த எண்ணிக்கையில் 3 புள்ளி தெரியவே தெரியாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், எப்படிப் பாதிப் பேருக்கு மட்டும் மாற்றுவது என்ற ஆட்சேபம் வரும். உரிமையையும் கடமையையும் பிரிக்காதீர்கள். நோட்டீஸின் வாசகத்தையும் நினைவூட்டும் நாளையும் மட்டும் பிரியுங்கள். அல்லது பகுதி பகுதியாக நடைமுறைக்குக் கொண்டுவந்து, எந்தப் பகுதி முதலில் என்பதைக் குலுக்கலில் விடுங்கள்.

இதற்கெல்லாம் சட்ட வரைவிலேயே இடம் வேண்டும். படிவத்தின் வடிவம், நோட்டீஸ் வாசகம், நினைவூட்டல் நாட்கள் ஆகியவற்றைத் தாய்ச் சட்டத்தின் அட்டவணையில் பூட்டிவிட்டால் ஒரு வரியை மாற்றவும் சட்டத்திருத்தம் தேவைப்படும். அவற்றைத் துணைவிதிகளுக்கு விடுங்கள். கடமை, அபராதத்தின் உச்சம், மேல்முறையீட்டு உரிமை ஆகியவை மட்டும் சட்டத்தில் இருக்கட்டும். கைபேசி எண்ணைப் பெறவும் நினைவூட்ட மட்டும் பயன்படுத்தவும் அனுமதிக்கும் பிரிவு வேண்டும். அது இல்லாமல் நினைவூட்டல் திட்டம் தொடங்கவே முடியாது. 12 அல்லது 24 மாதம் கழித்து எந்த எண்ணை வைத்து மறுஆய்வு செய்வது என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது, தடுத்த நடத்தை வேறு உருவில் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் உள்ளூர் ஆட்சிகள் கடைகளில் தரும் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்தபோது சுமார் 4 கோடிப் பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் குறைந்தது. ஆனால் அந்தப் பைகளைக் குப்பைக்குப் பயன்படுத்திவந்தவர்கள் கடையில் குப்பைப் பை வாங்கத் தொடங்கியதால் 1.2 கோடிப் பவுண்டு திரும்பி வந்தது. கைப்பைகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்த 1.2 கோடி எந்த அறிக்கையிலும் தெரிந்திருக்காது.